ஒப்பந்தச் சட்டப் பாடநூல் வாங்கும் முன்

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சட்டம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள், வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே சீனியர் எழுதிக் கொடுத்த பட்டியலோடு புத்தகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்த அவசரம் வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது பாடநூல் அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் அச்சிட்ட, ‘பேர் ஆக்ட்’ என்று எல்லோரும் சொல்லும் மெல்லிய புத்தகம். அதில் பிரிவுகளுக்குக் கீழே வரும் எடுத்துக்காட்டுகள் சட்டத்தின் பகுதியே ஆதலால், அவற்றை விட்டுவிட்ட பதிப்பை வாங்கக் கூடாது. 75ஆம் பிரிவு முடிந்ததும் நேராக 124 வருவதைப் பார்த்துப் பக்கங்கள் விட்டுப்போயின என்று கருதவும் வேண்டாம். இடையில் இருந்த பிரிவுகள் 1930இல் சரக்கு விற்பனைச் சட்டமாகத் தனியே பிரிந்தன. 239 முதல் 266 வரையிலானவை 1932இல் கூட்டாண்மைச் சட்டத்துக்கு இடம் விட்டன.

இந்தப் பிரிவினையை அறிந்தால் பாடத்திட்டமும் தெளிவாகும். பெரும்பாலும் முதல் தாளில் 1 முதல் 75 வரையிலான பொதுக் கோட்பாடுகளும், ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைப்பது போன்ற தீர்வுகளைக் கூறும் குறித்தவகை நிவாரணச் சட்டமும் (Specific Relief Act) வரும். இரண்டாம் தாளில் ஈட்டுறுதி (indemnity), பிணை (guarantee), ஒப்படைப்பு (bailment), அடகு (pledge), முகமை (agency) ஆகியவற்றோடு சரக்கு விற்பனையும் கூட்டாண்மையும் வரும். உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க நினைக்கும் நூல் எந்தத் தாளை எவ்வளவு தாங்குகிறது என்று பொருளடக்கத்தில் பாருங்கள்.

இனி பாடநூல். கடையில் நின்றபடியே ஒரு நூலின் தரத்தை அறிய நான் கையாளும் வழி, 74ஆம் பிரிவை விளக்கும் பக்கங்களைப் புரட்டுவதாகும். நம் மாவட்டத்தில் ஐந்து சென்ட் மனை வாங்குவதற்கு எழுதும் கிரய உடன்படிக்கையில்கூட, கெடுவுக்குள் பாக்கித் தொகையைச் செலுத்தத் தவறினால் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்காது என்ற வரி இருக்கும். அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொல்வதுதான் 74ஆம் பிரிவு. ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் வழக்கில், 1,12,500 ரூபாய் விலை பேசிய சொத்துக்கு வாங்குபவர் முன்பணமாக 1,000 ரூபாயும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். 25,000 ரூபாயையும் தானே வைத்துக்கொள்ள விற்பவர் முயன்றபோது, 1963இல் உச்ச நீதிமன்றம் முன்பணமான 1,000 ரூபாயை மட்டுமே அனுமதித்தது. 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை தண்டத்தின் தன்மையுடையது. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. இழப்பு எதுவும் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. நல்ல பாடநூல் இந்தப் பணக் கணக்கைச் சொல்லி, முன்பணத்தையும் பிந்தைய தொகையையும் நீதிமன்றம் ஏன் வேறுபடுத்தியது என்று காட்டி, தண்டத்துக்கும் முன்கூட்டி மதிப்பிட்ட இழப்பீட்டுக்கும் ஆங்கிலச் சட்டம் காட்டும் வேறுபாட்டை நம் பிரிவு எப்படிக் கடந்தது என்பதையும் விளக்கும். ஆங்கில வேறுபாட்டை மட்டும் நான்கு வரியில் எழுதி, வழக்கின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு முடித்துவிடும் நூலைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம்.

இரண்டாவதாக, மறுபயன் (consideration), அதாவது ஒரு வாக்குறுதிக்கு ஈடாகச் செய்வது அல்லது தருவது பற்றிய அத்தியாயத்தில் சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கைத் தேடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த பழைய வழக்கு அது. தாய் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதி, தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்று விதிக்கிறார். மகளும் அதற்கு உடன்பட்டு எழுதிக் கொடுக்கிறார். பிறகு தர மறுக்கிறார். பணத்தைப் பெற வேண்டியவரிடமிருந்து மறுபயன் எதுவும் வரவில்லையே என்ற வாதம், ‘வாக்குப் பெறுபவரோ வேறு எவருமோ’ என்னும் 2(ஈ) பிரிவின், ஆங்கிலத்தில் 2(d), சொற்களால் எப்படி விழுந்தது என்பதை அந்த நூல் சொல்கிறதா என்று பாருங்கள். வழக்கின் நிகழ்வு, பிரிவின் சொல், தீர்ப்பின் காரணம் ஆகிய மூன்றையும் கோத்துக் காட்டும் நூலே உங்களைத் தேர்வு அறையிலும் பிறகு நீதிமன்றத்திலும் தாங்கும்.

அவதார் சிங்கின் நூல் ஒப்பந்தச் சட்டத்தையும் குறித்தவகை நிவாரணத்தையும் ஒரே கட்டில் தருவதால் முதல் தாளுக்குப் பொருந்தும். பொல்லாக், முல்லா இருவர் பெயரில் வரும் நூல் வழக்கறிஞர்களுக்கான விரிவான உரை. அதை நூலகத்தில் பார்த்தால் போதும். ‘கைடு’ எனப்படும் வினா–விடைப் புத்தகத்தை முதல் நூலாக வாங்குவது பெருந்தவறு என்றே கருதுகிறேன். அது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உதவலாம், சிந்திக்கக் கற்றுத்தராது.

பதிப்பைக் கவனிப்பதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய புத்தகக் கடையொன்றில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய நூலின் உள்பக்கத்தில் அண்மை ஆண்டு இருந்தது. அது மறுஅச்சின் ஆண்டு என்பதையும், பதிப்பு அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன். மறுஅச்சில் புதிய சட்டம் ஏறுவதில்லை. குறித்தவகை நிவாரணச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அச்சட்டத்தின் 20ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள்: ஒப்பந்தத்தை முறித்தவருக்கு முப்பது நாளுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்து, வேறொருவரைக் கொண்டு வேலையை முடித்து, செலவை அவரிடமே வசூலிக்கும் மாற்று நிறைவேற்றம் அங்கே இருந்தால் நூல் புதியது, நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று இருந்தால் பழையது. பொதுக் கோட்பாடுகளுக்குப் பழைய பதிப்பும் பயன்படும். இந்தப் பகுதிக்குப் பயன்படாது.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் தமிழ்ப் பாடநூல் ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைத் தவிர்க்கக் கூடாது. முனைவு (offer), ஏற்பு (acceptance), மறுபயன் (consideration), இளவர் (minor) என ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை எதிரே எழுதிய சிறு நோட்டு ஒன்று முதல் மாதத்திலேயே உருவாகிவிட்டால், தீர்ப்புகளைப் படிப்பதில் அச்சம் பாதி குறையும்.

முதல் இரண்டு வாரம் கல்லூரி நூலகத்தில் இரண்டு நூல்களில் ஒரே அத்தியாயத்தைப் படித்துப் பார்த்து, எது உங்களுக்குப் புரிகிறதோ அதை வாங்குங்கள். பேர் ஆக்டின் வாசகம் மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால் காத்திருப்பதில் நட்டமில்லை. உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் பதிப்பு எண்ணை எழுதிக் கொடுத்து வரவழைக்கச் சொல்லலாம். சென்னைக்குப் போகும் உறவினர் இருந்தால் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பாரிமுனைச் சட்டப் புத்தகக் கடைகளில் கேட்கச் சொல்லலாம். இணையத்தில் வாங்கினால் பதிப்பாளர் பெயரையும் பதிப்பு ஆண்டையும் விற்பவர் தெளிவாகக் குறித்திருக்கிறாரா என்று பாருங்கள். புத்தகம் வந்த அன்றே பக்க எண்களை வரிசையாகப் புரட்டிச் சரிபார்த்து, எழுத்து மங்கியிருந்தாலோ பக்கம் விட்டிருந்தாலோ, பெயர் எழுதுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.