மேட்டைக் கண்டதும் துள்ளாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு மாலையில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் கருவி 2011-இல் பதிவுசெய்து, பிறகு யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்த தரவு அதில் இருந்தது. மியூவான்களை (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்களை) இரண்டிரண்டாகச் சேர்த்து நிறை கணக்கிட்டு, எந்த நிறையில் எத்தனை இணைகள் என்று கட்டம் கட்டமாக எண்ணி வரைபடம் போட்டிருந்தாள். 91 ஜிஇவி (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) அருகே, ஏற்கெனவே தெரிந்த துகளான இசட் போசான் கோபுரம்போல் நின்றது. வலப்பக்கம், 150-ஐ ஒட்டி ஒரு சின்ன மேடு.

“சார், இது புதுத் துகளாக இருக்குமா?”

கனமான துகளை யாரும் நேரில் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த கணமே சிதைந்துவிடும். செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்து மேலே குலை பழுத்துவிட்டது என்று அறிகிறோம் அல்லவா? அப்படித்தான் சிதைவில் வந்தவற்றின் ஆற்றலையும் திசையையும் வைத்துத் தாய்த் துகளின் நிறையைக் கணக்கிடுகிறார்கள்.

“கட்டம் எவ்வளவு அகலம்?” என்றேன். ஐந்து ஜிஇவி என்றாள். ஏன் ஐந்து? சிரித்துவிட்டாள். பத்து போட்டபோது மேடு தெரியவில்லையாம். இரண்டு போட்டால் எல்லாமே மேடாகத் தெரிந்ததாம். நான்குக்கு மாற்றச் சொன்னேன். மேடு கரைந்துபோனது. தரவைப் பார்த்தபின் கட்டத்தின் அகலத்தையும், எந்த மோதலைச் சேர்ப்பது எதை விடுவது என்பதையும் முடிவுசெய்வதுதான் என் கணக்கில் முதல் தவறு. இதற்காகவே ஆய்வுக்குழுக்கள் பலவும் மேடு எதிர்பார்க்கும் பகுதியை மூடிவைத்து, விதிகளை எழுதி முடித்த பிறகே திறக்கின்றன.

அடுத்தது, எத்தனை இடத்தில் தேடினோம் என்பதை மறப்பது. எங்கள் பக்கம் கார் கவிழ்ந்தால் ஆம்புலன்ஸ் வருமுன்பே நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்வார்கள், நான்கு நம்பர் லாட்டரி எழுத. குறிப்பிட்ட ஒரு நம்பருக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 10,000-இல் ஒன்று. ஆனால் ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் எழுதும்போது யாருக்காவது விழத்தான் செய்யும். அவரை மட்டும் பார்த்து, கவிழ்ந்த காருக்குச் சக்தி உண்டு என்று பேசுவோம். நூறு கட்டங்கள் கொண்ட வரைபடமும் அப்படித்தான். எங்காவது ஒன்று தற்செயலாகத் துருத்தி நிற்கும்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் செர்னின் இன்னொரு கருவியான அட்லஸ், சிஎம்எஸ் இரண்டுமே ஃபோட்டான் (ஒளித்துகள்) இணைகளில் 750 ஜிஇவி அருகே மேடு காட்டின. ஒரு மேடு தற்செயலாக எழுவது எவ்வளவு அரிது என்பதைச் சிக்மாவில் அளப்பார்கள்; சிக்மா கூடக்கூடத் தற்செயலுக்கு வாய்ப்பு குறையும். அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் அட்லஸில் 3 சிக்மாவுக்கு மேல். தேடிய பரப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால் சுமார் 2 சிக்மாதான். கருவிக் குழுக்கள் நிதானமாகவே பேசின. கோட்பாட்டாளர்கள்தான் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்தார்கள். 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்தது. 5 சிக்மா, அதாவது வெறும் தற்செயலாக அப்படியொரு மேடு எழ ஏறத்தாழ 3.5 மில்லியனில் ஒரு வாய்ப்பு, என்ற வரம்பு வீம்புக்காக வைத்ததல்ல. 2012-இல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த அறிவிப்பும் அதைத் தொட்ட பிறகே வந்தது.

13 டிஇவி (ஒரு டிஇவி ஆயிரம் ஜிஇவி) மோதல் என்றால் 13 டிஇவி நிறையுள்ள துகள் பிறக்கும் என்று நினைப்பதும் வழக்கம். மோதுவது புரோட்டான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும். ஆளுக்கொரு பங்கு ஆற்றலைத்தான் கொண்டுவருகின்றன. பெரிய பங்கோடு வருபவை மிகக் குறைவு.

“கிடைக்கவில்லை” என்பதை “இல்லை” என்று படிப்பது செய்தித்தாள்கள் விரும்பிச் செய்யும் தவறு. இசட் போசானுக்குக் கனமான அண்ணன் ஒருவன், அதே வலிமையோடு மற்றத் துகள்களுடன் வினைபுரிபவன், இருந்தால் அவன் சுமார் 5 டிஇவிக்குக் கீழே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வலிமை குறைந்தால் வரம்பும் இறங்கிவிடும். கூச்ச சுபாவமுள்ள அண்ணன் இன்னும் கீழேயே ஒளிந்திருக்கலாம்.

இன்னொன்று. புரோட்டான் கொத்துகள் வினாடிக்குச் சுமார் 40 மில்லியன் முறை குறுக்கிடுகின்றன. நிரந்தரமாகச் சேமிப்பது சில ஆயிரம் மட்டுமே. மீதியைக் கருவியில் உள்ள வடிகட்டி அமைப்பு அந்தக் கணமே தள்ளிவிடும். சற்று தூரம் போய்ச் சிதையும் துகளைத் தேட அந்த வடிகட்டியைப் பழக்காவிட்டால், பிறகு எத்தனை வருடம் அலசினாலும் பயனில்லை.

“அப்படியானால் போனது போனதுதானா, சார்?” என்றாள். போனதுதான்.