டாம்பாயா, திருநம்பியா? உங்களையே கேட்டுப் பார்க்கச் சில கேள்விகள்

முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, சட்டையும் பேண்ட்டுமாகத் திரிகிற பெண்ணைப் பார்த்து "நீ டாம்பாயா, டிரான்ஸா?" என்று இப்போது பலரும் நேராகவே கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி உங்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் எப்படி யோசிக்கலாம் என்று எழுதுகிறேன். நான் சின்ன வயதிலிருந்தே டாம்பாய், அதாவது பையன்களைப் போல உடுத்தவும் விளையாடவும் பிடித்த பெண். இன்றும் அப்படித்தான். என்னோடு சேர்ந்து வளர்ந்த என் நண்பன் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் குழந்தை என்று பதிவு செய்தார்கள். ஆனால் அவன் ஆண். பள்ளியில் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் யாராலும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது. ஒரே மாதிரி முடி, ஒரே மாதிரி சட்டை, ஒரே ஃபுட்பால் அணி.

அதனால் உடை, முடி, விளையாட்டு மூன்றையும் முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். மருத்துவர்களும் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டில், பிறந்தபோது பதிவான பாலினம் பொருந்தாமல் தவிக்கிற நிலையைக் கண்டறியக் குழந்தைகளுக்கு 8 அறிகுறிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் 6 இருக்க வேண்டும். அந்த ஆறில் ஒன்று, "நான் வேறு பாலினம்" என்ற பிடிவாதமோ அப்படி ஆக வேண்டும் என்ற தீவிர ஆசையோ கட்டாயமாக இருந்தாக வேண்டும். 1994-ல் வந்த முந்தைய பதிப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, நடத்தையும் விருப்பங்களும் மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றே சொல்கிறது. பாலினம் பொருந்தாத நிலையை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்தும் வெளியே எடுத்துவிட்டது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பெண்களுக்கென்று இருக்கிற கட்டுப்பாடெல்லாம் நாளைக்கே போய்விட்டது. என்ன உடுத்தினாலும், எப்படி உட்கார்ந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அப்போதும் உங்களைப் பெண் என்று சொன்னால் உறுத்துமா? எனக்கு உறுத்தாது. "பொம்பளப் பிள்ளை இப்படி ஓடலாமா" என்பதில் எனக்குக் கோபம் வந்தது "ஓடலாமா" என்ற இடத்தில். என் நண்பனுக்கோ முதல் வார்த்தையிலேயே முகம் சுருங்கிவிடும்.

முன்பின் தெரியாதவர் "தம்பி, கொஞ்சம் வழி விடு" என்றால் நான் அதைப் பொருட்படுத்தாமல் போய்விடுவேன். அவனோ அன்று முழுக்க உற்சாகமாக இருப்பான். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம், வயதான உங்களைக் கற்பனை செய்யுங்கள். நான் பேண்ட் போட்ட பாட்டியாகத்தான் என்னைப் பார்க்கிறேன். அவனால் தன்னைத் தாத்தாவாகத்தான் நினைக்க முடிந்தது.

உடல் விஷயத்தில் நிதானம் தேவை. மாதவிடாய் வந்தபோது எனக்கும் வெறுப்பாகத்தான் இருந்தது. வலி, அதோடு விளையாடப் போகாதே என்ற தடை. மார்பு வளர்வது பல பெண்களுக்குக் கூச்சமும் எரிச்சலும் தரும். மற்றவர்கள் பார்க்கிற பார்வை அதைக் கூட்டும். இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். என் நண்பனுக்கு, யாருமே பார்க்காத தனி அறையிலும் அது தன் உடம்பில்லை என்ற உணர்வு இருந்தது. பழகப் பழகக் குறையவும் இல்லை.

இன்னொன்று: டாம்பாய் முற்றினால் திருநம்பி என்று நினைக்காதீர்கள். இது ஒரே கோட்டின் இரண்டு முனைகள் இல்லை. பூ வேலைப்பாடு போட்ட சட்டையும் நகப்பூச்சும் விரும்புகிற திருநம்பி உண்டு. கிராப் வெட்டி ஜீன்ஸில் சுற்றுகிற திருநங்கை உண்டு. ஆண், பெண் இரண்டிலும் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். யார்மேல் காதல் வருகிறது என்பது இதிலெல்லாம் சேராத தனிக் கணக்கு.

பதில் உடனே கிடைக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் சொல்லி, வேறு பெயரில், "அவன்" என்று கொஞ்ச நாள் பேசச் சொல்லுங்கள். நிம்மதியாக இருந்தால் தொடருங்கள். ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. டிஎஸ்எம்-5 கூட இந்த உணர்வு 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கு ஐசிடி-11 கேட்பது ஏறக்குறைய 2 ஆண்டுகள்.

பெற்றோருக்கு: பிள்ளை கேட்கிற உடையையும் முடியையும் அனுமதியுங்கள். அதனால் யாரும் திருநம்பி ஆகிவிடுவதில்லை, அதைத் தடுத்ததால் யாரும் மாறியதும் இல்லை. நீங்களாக டாம்பாய், திருநம்பி என்று முத்திரை குத்தாதீர்கள், "வளர்ந்தா சரியாயிடும்" என்றும் சொல்லாதீர்கள். பிள்ளை தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பருவமடைவதற்கு முன் மருந்தோ அறுவை சிகிச்சையோ கிடையாது, அதனால் அந்த வயதில் பதற எதுவும் இல்லை. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்குப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். பாலின அடையாளம் பற்றி அனுபவமுள்ள மனநல மருத்துவரை உடனே பாருங்கள். "மாற்றிக் காட்டுகிறேன்" என்று உறுதி தருகிறவர் யாராக இருந்தாலும் பிள்ளையை அவரிடம் விடாதீர்கள்.