பிபிசி மைக்ரோல காசிமேடு: பேசிக்ல டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எழுதலாம் வாங்க
டெக்ஸ்ட் அட்வென்ச்சர்னா படமே இல்லாம, எழுத்துல வர்ற கதைக்குள்ள கட்டளை டைப் பண்ணி நடமாடுற கேம், அதை பேசிக்ங்கிற புரோகிராம் மொழில எழுதப் போறோம். மொதல்ல கம்ப்யூட்டரை தொடாதீங்கப்பா, பேப்பர்ல மேப் போடுங்க, பிளேயர் போய் நிக்கிற ஒவ்வொரு எடமும் ஒரு ரூம். ராயபுரம் ஸ்டேஷன் 1, கல்மண்டபம் 2, காசிமேடு 3, பழைய வண்ணாரப்பேட்டை 4, நடுக்கடல் 5. அஞ்சு ரூம் போதும், ஐம்பது ரூம் போட்டவன் எவனும் முடிச்சதில்ல.

பிபிசி மைக்ரோங்கிற பழைய கம்ப்யூட்டர் ஏன்னா, 1984ல கிளாஸ்ங்கிற கம்ப்யூட்டர் கல்வி திட்டத்துல நம்மூரு ஸ்கூல் சிலதுக்கு வந்த பொட்டி அதான், இப்போ பிரவுசர்லயே எமுலேட்டர் (அந்த பொட்டி மாதிரியே வேலை செய்யிற சாப்ட்வேர்) ஓடுது. மாடல் பி-ல மெமரி மொத்தமே 32 கேபி, அதுல மோடு 0ங்கிற ஸ்கிரீன் வகையை போட்டா ஸ்கிரீனே 20 கேபி முழுங்கிடும், ஆன் பண்ணதும் வர்ற மோடு 7க்கு 1 கேபிதான், அதுலயே இருங்க, நமக்கு எழுத்து தெரிஞ்சா போதும்.

இப்போ மேப்பை டேட்டா வரியா மாத்தணும். ஒவ்வொரு ரூமுக்கும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு நாலு நம்பர், வழி இல்லன்னா 0. கல்மண்டபத்துக்கு 3, 1, 0, 4. இதை ரீட் பண்ணி ஒரு அர்ரேல (நம்பர் போட்ட பெட்டி வரிசை) போட்டுட்டா நடக்குற வேலை முடிஞ்சுது: இருக்குற ரூம், போற திசை, அங்க என்ன நம்பரோ அதான் புது ரூம், 0 வந்தா "வழி இல்ல". ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா இஃப் எழுதினு உக்காந்தீங்கன்னா மெமரியும் போகும் மண்டையும் காயும்.

பொருளுக்கு இன்னொரு அர்ரே, அது எந்த ரூம்ல கெடக்குதோ அந்த நம்பர், கையில இருந்தா 99.

பிளேயர் அடிக்கிறதை இன்ஸ்டர் (ஒரு வரில ஒரு எழுத்து எங்க இருக்குதுன்னு சொல்ற பேசிக் கட்டளை) வெச்சு ஸ்பேஸ் எங்கன்னு பாத்து ரெண்டா வெட்டுங்க, முன்னாடி வினை, பின்னாடி பொருள். தமிழ் எழுத்து அந்த பொட்டில கெடையாது, இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ் அடிக்கணும், அப்போ "பாரு"வை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல அடிப்பான், அதனால ஒவ்வொரு வினைக்கும் ரெண்டு மூணு ஸ்பெல்லிங் வெச்சுக்குங்க. திசைக்கு அந்த தொல்லையே இல்ல, வடக்குக்கு வி, தெற்குக்கு டி (T), கிழக்குக்கு கே, மேற்குக்கு எம், மொத எழுத்தே தனித்தனியா இருக்குது.

புதிர் வெக்கணுமா? காசிமேட்டுக்கு கிழக்க மொதல்ல 0 போட்டு வெச்சுக்குங்க, டீசல் கேனை கையில வெச்சுனு, லாஞ்ச்ல ஊத்த "ஊத்து டீசல்"னு அடிச்சா அந்த 0வை 5 ஆக்கிடுங்க, கடல் தொறந்துடுச்சு, பூட்டின கதவுக்கும் இதே கதைதான்.

சேவ் வசதி குடுக்குறப்போ ரூம் நம்பரும் பொருள் அர்ரேயும் மட்டும் எழுதினா பத்தாது, மாத்தின வழியையும் சேத்து எழுதுங்க, இல்லன்னா நடுக்கடல்ல சேவ் பண்ணவன் லோடு பண்ணி கரைக்கு வந்துட்டான்னா மறுபடி லாஞ்ச் கெளம்பாது.