ஷூ ஃபேக்டரி ஸ்டோரும் லைனும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். லீன் முறைக்கு, அதாவது தேவைக்கு மேல் சரக்கு குவிக்காத முறைக்கு, மாறிக்கொண்டிருக்கிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்கள் மூன்று பேர் சுற்றிக் காட்டினார்கள். தரையில் மஞ்சள் கோடு, ரேக்குக்கு ரேக் பெயர்ப்பலகை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஷூவின் மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சில் இழுத்துப் படியவைக்கும் லாஸ்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு சோல் கார்ட்டன்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நானும் அப்படித்தான் அடுக்கி வைத்தேன்.

லேபிள் ஒட்டுவது, வேண்டாததைக் கழிப்பது பற்றி இங்கே எழுதவில்லை. அதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள்.

முழு ஆர்டருக்கும் ஒரே நாளில் சரக்கு இறக்குவது

என் கதையைச் சொல்கிறேன். 2,400 ஜோடி ஆர்டர். ஆண்கள் போடும் லேஸ் ஷூ, 39 முதல் 44 வரை ஆறு சைஸ். லைன் ஒரு நாளைக்கு 600 ஜோடி ஓடும். ஸ்டோரில் இருந்த அண்ணன் சோல், இன்சோல், லேஸ், அட்டைப்பெட்டி என்று அத்தனையையும் முதல் நாள் காலையிலேயே லைனுக்கு அனுப்பிவிட்டார். இண்டென்ட்டில் (சரக்கு கேட்கும் சீட்டில்) ஒரே கையெழுத்து. "மொத்தமா எடுத்துக்கப்பா, நாளைக்கு வந்து என்னைத் தேடாதே" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். சரக்கு கண்ணெதிரே இருந்தால் லைன் நிற்காது என்று நம்பினேன்.

நான்காம் நாள் மதியம் 43 சைஸ் சோலில் மிச்சம் இருந்த இரண்டு கார்ட்டன்களைப் பிரித்தோம். வெளியே ஸ்டிக்கரில் 43. உள்ளே சோலின் அடியில் வார்த்திருந்த எண் 42. விரலால் தடவிப் பார்த்தேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், 42தான். கார்ட்டனுக்கு 40 ஜோடி. ஆக 80 ஜோடி ஷூவுக்கு சோல் இல்லை. சப்ளையர் மறுபடி வார்த்து அனுப்ப ஆறு நாள் ஆனது. அதற்குள் சென்னையில் கப்பல் கிளம்பிவிட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பினோம், செலவு எங்கள் தலையில். அந்த ஆர்டரில் வர வேண்டிய லாபம் அந்த ஒரு பில்லில் போயிற்று.

சப்ளையர் தப்பு செய்தார், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு கார்ட்டன்களும் நான்கு நாளாக எங்கள் காலடியில்தான் கிடந்தன. அடுக்கில் அடியில் இருந்ததால் யாரும் பிரிக்கவில்லை. மொத்தமாக இறக்கும்போது கார்ட்டனைத்தான் எண்ணுவோம், உள்ளே இருப்பதை எண்ண மாட்டோம். குறை எது இருந்தாலும் அது வெளியே தெரிவது கடைசி நாளில்தான்.

இன்னொரு கேடும் உண்டு. இடது சோல் ஒன்றில் காற்றுக்குமிழி இருந்தால், ஒட்டுகிற ஆள் அடுத்த கார்ட்டனில் கையை விட்டு ஒரு இடது காலை எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆர்டர் முடியும்போது ஒற்றை ஒற்றையாக வலது கால்கள் மிஞ்சும். அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத்தில், இது இன்னும் மோசம். சாயம் ஒத்துப்போக வேண்டும் என்று இடது கால், வலது கால் இரண்டையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியிருப்பார்கள். குவியலில் கலந்தால் அந்த ஜோடி திரும்பச் சேராது.

கணக்கும் எளிதுதான். லைனில் எப்போதும் 2,400 ஜோடிக்கான சரக்கு கிடக்கிறது, ஒரு நாளைக்கு 600 வெளியே போகிறது என்றால் உள்ளே வருகிற சரக்கு சராசரியாக நான்கு நாள் காத்துக் கிடக்கும். ஜான் லிட்டில் 1961லேயே இந்த உறவைக் கணிதமாக நிரூபித்துவிட்டார். எவ்வளவு வேகமான மெஷின் வாங்கினாலும், தரையில் கிடப்பதைக் குறைக்காமல் இந்தக் காத்திருப்பு ஓரளவுக்கு மேல் குறையாது.

சரி, என்ன செய்வது? எங்கள் லைனில் பிறகு நாங்கள் செய்தது இது. ஒரு கிரேட்டில் 12 ஜோடி: 39 ஒன்று, 40 இரண்டு, 41 மூன்று, 42 மூன்று, 43 இரண்டு, 44 ஒன்று. அந்த ஆர்டரின் சைஸ் கணக்கு அதேதான், சின்ன அளவில். 600 ஜோடிக்கு 50 கிரேட். எட்டு மணி நேர ஷிஃப்டில் இரண்டு மணி நேரத்துக்கு 12 அல்லது 13 கிரேட் லைனுக்குப் போகும். காலி கிரேட் திரும்பி வந்தால்தான் அடுத்தது போகும். கார்ட்டன் லைனுக்குள் வரவே கூடாது. வந்த அன்றே ஸ்டோர் வாசலில் பிரித்து, எண்ணி, சைஸ் பார்த்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். 43க்குள் 42 இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இது ஜப்பான் சமாச்சாரம், நமக்குச் சரிவராது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்புகிற வழக்கத்தைக் கவனித்துத்தான் டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ இந்த முறையை வளர்த்தார். ஆனால் என் பெரியம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அடுத்த இலை. ஒரு மாதத்து இலையைக் கொண்டுவந்து வீட்டில் கொட்ட மாட்டார்கள். கொட்டினால் இலை காய்ந்து நொறுங்கும், கணக்கும் குழம்பும். வேலூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் நடந்ததை ஃபேக்டரிக்குள் செய்ய ஏன் தயக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"சார், அப்படிக் கொடுத்தா லைன் நின்னுடுமே?" என்று ராணிப்பேட்டைப் பையன் ஒருவன் கேட்டான். நிற்கும். முதல் வாரத்தில் நிச்சயம் இரண்டு மூன்று தடவை நிற்கும். பத்து நிமிஷம் நிற்கும்போது எது குறைகிறது, யார் கொண்டுவரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் லைன் நான்கு நாள் நிற்காமல் ஓடி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு நாள் 80 ஜோடிக்காகக் காத்துக் கிடந்தது.

கார்டு எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகப் போடுவது

டப்பாவுக்கு ஒரு கார்டு. டப்பா காலியானால் கார்டு ஸ்டோருக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் அடுத்த டப்பா வரும். லேஸை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 75 ஜோடி வேண்டும். சரக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது, ஆக 150. டப்பாவுக்கு 50 ஜோடி என்றால் மூன்று டப்பா, கைகாவலுக்கு ஒன்று. நான்கு கார்டு. பத்து கார்டு அச்சடித்து மாட்டினால் பழைய குவியல்தான் கார்டோடு திரும்பி வரும்.

லாஸ்ட்டை எண்ணாமல் கட்டிங் போடுவது

கட்டிங்கில் டை (தோலை வெட்டும் அச்சு) மாற்றச் சோம்பல்பட்டு 41 சைஸை நாள் முழுக்க வெட்டித் தள்ளுவார்கள். லாஸ்டிங்கில் 41க்கு இருப்பது 60 ஜோடி லாஸ்ட், அதாவது கால் வடிவ அச்சு, என்று வையுங்கள். அப்பர் ஏறி, சூட்டில் படிந்து, சோல் ஒட்டி, ஆறி, லாஸ்ட் கழன்று திரும்பி வந்தால்தான் அடுத்த 60. அதுவரை மற்ற சைஸ் லாஸ்ட்கள் ரேக்கில் சும்மா நிற்கும், 41 அப்பர்கள் வழியை அடைத்துக் கிடக்கும். கட்டிங் திட்டம் போடும் முன் லாஸ்ட் ரேக்கைப் போய்ப் பாருங்கள்.

புதுசை முன்னால் வைப்பது

ரேக்கில் பின்பக்கம் ஏற்றி முன்பக்கம் எடுக்க வேண்டும். பசைக்கு ஆயுள் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். பியு (பாலியூரிதேன்) சோலுக்கும் ஆயுள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்றின் ஈரம் அந்தப் பொருளை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும். சில வருஷம் மூலையில் கிடந்த சோல் பார்க்கப் புதிது போலவே இருக்கும், வாங்கியவர் போட்டு நடக்கும்போது உதிரும்.

மூன்றாவது டப்பா

ஒரு டப்பா காலியானதும் அடுத்ததிலிருந்து எடுத்துக்கொண்டு, காலியை நிரப்ப அனுப்புவது இரண்டு டப்பா முறை. இரண்டு என்றால் இரண்டுதான். மேஜைக்கு அடியில் இருப்பதை எடுத்துவிடுங்கள்.

ஹெல்பரை எடுபிடி ஆக்குவது

சரக்கு கொண்டுவருகிற ஆளுக்கு நேரமும் பாதையும் நிலையாக இருக்க வேண்டும். டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அவரை அனுப்பினால், அவர் வருவார் என்ற நம்பிக்கை லைனில் போய்விடும். அப்புறம் ஒவ்வொருவரும் தனக்கென்று பதுக்க ஆரம்பிப்பார்கள். பதுக்கியவரைத் திட்டிப் பயனில்லை.

ரேக்கை முதலில் வாங்குவது

வாங்காதீர்கள். இரண்டு மாதம் கிரேட்டைத் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அன்று ராணிப்பேட்டையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மூன்று பேரோடு சேர்ந்து கார்ட்டன் அடுக்கைக் கலைத்தோம். ஸ்டோர் வாசலுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண நான்கு மணி ஆகிவிட்டது. அடுக்கின் அடியில், சுவரை ஒட்டி, போன ஆர்டரின் இன்சோல் இரண்டு கார்ட்டன் பிரிக்காமலே கிடந்தது. ஸ்டோர் ரெஜிஸ்டரில் அவற்றைக் குறைவு என்று எழுதி, மறுபடி வாங்கியும் விட்டிருந்தார்கள்.