ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்துவிட்டதா? குடிநீருக்கும் விளக்குக்கும் மனு கொடுப்பது எப்படி

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகளை ஒட்டிய ஊர்களில் இணைப்பு என்றதும் வரும் பயம் இரண்டு: வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். இரண்டும் நியாயமான பயம்தான். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே. ஆனால் வரி கட்டுகிறவர் குழாயையும் விளக்கையும் கேட்டு வாங்க வேண்டாமா?

1. தேதியைப் பிடியுங்கள்
செய்தித்தாளில் வந்த நாள் கணக்கில்லை. அரசிதழின் இறுதி அறிவிக்கையில் எந்த நாள் முதல் என்று இருக்கிறதோ, அன்றிலிருந்துதான் நகராட்சி பொறுப்பு. அதுவரை ஊராட்சிச் செயலரையும் பிடிஓ ஆபீசையும்தான் கேட்க வேண்டும். அரசாணை எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பழைய ரசீதுகள்
வீட்டு வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நகராட்சிப் பதிவேட்டில் பெயரும் கதவு எண்ணும் சரியாக ஏறியதா என்று பார்க்க அவை வேண்டும். (மீனவக் குடியிருப்புகளில் பலர் நம்புவதுபோல் வரி ரசீது பட்டா ஆகிவிடாது.)

3. மனு
ஒரு மனுவில் ஒரே குறை. தண்ணீரையும் குப்பையையும் சேர்த்து எழுதினால் பொறியியல் பிரிவுக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் நடுவில் மனு அலையும். விளக்கு என்றால், மின்கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

தண்ணீர் மனுதான் கஷ்டம். கடலோரத்தில் தோண்டினால் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீரை விட்டால் வண்டிக் குடம்தான். "குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கூட்டுத் திட்டத் தண்ணீரைக் கொண்டுவருவது வாரியம். தெருத்தெருவாகப் பகிர்வது உள்ளாட்சி. அதனால் இப்படி எழுதுங்கள்:

"எங்கள் தெருவில் … வீடுகள் உள்ளன. குழாயில் கடைசியாகத் தண்ணீர் வந்த நாள் … . குடம் … ரூபாய்க்கு வாங்குகிறோம். விநியோகக் குழாயை எங்கள் தெரு வரை நீட்டிக்கவும், அதுவரை லாரியில் தண்ணீர் வழங்கவும் வேண்டுகிறோம்."

அந்த "அதுவரை" முக்கியம். குழாய்க்கு மதிப்பீடு, டெண்டர் என்று நாளாகும். லாரியை நாளைக்கே அனுப்பலாம்.

நகராட்சி என்றால் ஆணையருக்கு, மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

4. பதில் இல்லையென்றால்
திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி மையமான 1100-க்குப் போன் போடுங்கள். அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், நழுவிவிடுவார்கள். "என் மனு மீதான கோப்பின் நகல், இணைந்த பகுதிக்கான குடிநீர் மதிப்பீட்டின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள்.

கோபத்தில் வரியை நிறுத்தச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், பாக்கியைக் காட்டியே உங்கள் வாயை அடைப்பார்கள். நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு.