பத்து புளியங்கொட்டையை ஒன்பது என்று எண்ணிய மகள்

காரைக்குடியில் எல்கேஜி படிக்கும் என் மகள் இருபதுவரை மடமடவென்று ஒப்பிப்பாள். ஆனால் பத்து புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் எப்போதும் ‘நைன்’ என்றே முடிப்பாள். எண் அட்டவணையை மறுபடி மறுபடி படிக்க வைத்தோம், முற்றத்து ஆத்தங்குடிக் கற்களை விரலால் தொட்டு எண்ண வைத்தோம். பலனில்லை.

அவள் வாயை விட்டுவிட்டு விரலை மட்டும் கவனித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ஆறுவரை ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டையைத் தொட்டவள், ‘செ’ என்று ஒன்றையும் ‘வன்’ என்று அடுத்ததையும் தொட்டாள். தமிழில் எண்ணும்போது ‘ஒன்’, ‘று’ என்று தொடக்கத்திலேயே இரண்டு போய்விடுவதால், அஞ்சை முழுதாகச் சொல்வதற்குள் பத்தும் தீர்ந்தன. வரிசை தெரிந்திருந்தது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதுதான் படியவில்லை.

தொடுவதை நிறுத்திவிட்டு, அவளுடைய அப்பத்தாவின் பல்லாங்குழியை எடுத்தோம். கொட்டை மரக்குழியில் ‘டொக்’கென்று விழுந்த பிறகே அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே விதி. விரல் வழுக்கிக்கொண்டே போகும். ஆனால் கையில் எடுத்த கொட்டையை ஒருமுறைதான் போட முடியும். அசைக்க முடியாத தரைக்கற்கள் உதவாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேட்பதையும் விடவில்லை, ஏனெனில் கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது குழந்தைகளுக்குத் தானாக விளங்குவதில்லை. ஆசிரியையிடம் சொன்னதும் வகுப்பிலும் கிண்ணத்தில் போட்டு எண்ணச் செய்தார். பத்து பிழையின்றி வந்த பிறகே தரைக்கற்களுக்குத் திரும்பினோம். அங்கும் இப்போது சரியாக எண்ணுகிறாள்.