நெதர்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? தராசும் ‘ஒன்ஸ்’ கணக்கும்

நெதர்லாந்தில் வீடு பார்த்துச் சமையலறைக்குச் சாமான் சேர்க்கும்போது, குக்கருக்கு அடுத்தபடியாக ஒரு ‘வேக்ஸ்ஹால்’ வாங்கிவிடுங்கள். சமையலறைத் தராசுக்கு இங்கே அதுதான் பெயர். ‘வேஹன்’ என்றால் நிறுப்பது, ‘ஸ்ஹால்’ என்றால் தட்டு. இப்போது கடையில் கிடைப்பது பேட்டரியில் வேலை செய்யும் தட்டையான பலகைதான். தட்டு தொங்கிய காலத்துப் பெயர் மட்டும் மாறவில்லை. துலாம் ராசிக்கும் டச்சில் இதே சொல்தான்.

இது ஏன் அவசியம் என்றால், டச்சு சமையல் குறிப்புகளில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கிராமில்தான் இருக்கும். டம்ளர் கணக்கு உதவாது. பால், தண்ணீருக்கு ‘மாட்பேக்கர்’ என்ற கோடு போட்ட அளவுக் குவளை போதும். ‘ஏட்லேப்பல்’ என்ற மேசைக்கரண்டி 15 மில்லி, ‘டேலேப்பல்’ என்ற தேக்கரண்டி 5 மில்லி.

அப்புறம், தராசைவிட முக்கியம் ‘ஒன்ஸ்’. கேட்டதும் அவுன்ஸ் என்று தோன்றும். ஆனால் அவுன்ஸ் சுமார் 28 கிராம். டச்சு ஒன்ஸ் சரியாக 100 கிராம். ‘பொண்ட்’ என்றால் 500 கிராம், இலங்கையில் பாண் வாங்கிய இறாத்தலைவிடச் சற்றுக் கூடுதல்.

இதற்குக் காரணம் மன்னர் முதலாம் வில்லெம் காலத்துச் சட்டம். 1816-இல் இயற்றப்பட்டு 1820-இல் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தபோது, புதிய அளவுகளுக்குப் பழைய பெயர்களையே சூட்டினார்கள். ஒரு கிலோ ‘பொண்ட்’ ஆனது, 100 கிராம் ‘ஒன்ஸ்’ ஆனது. கிலோகிராம், கிராம் என்ற பெயர்கள் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன. மக்களின் பேச்சில் பொண்ட் அரைக் கிலோவாக நிலைத்தது. ஒன்ஸ் மட்டும் 100 கிராமாகவே நின்றுவிட்டது. சட்டத்தைத் தாண்டி ஒரு சொல் இப்படி வாழ்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, சந்தையில் சீஸ் கடைக்குப் போகிறீர்கள். 200 கிராம் வேண்டுமானால் ‘ட்வே ஒன்ஸ்’ என்று கேளுங்கள். கடைக்காரர் வெட்டி நிறுத்துப் பார்த்துவிட்டு, ‘மாஹ் ஹெட் ஈட்ஸ் மேர் ஸைன்?’ என்பார். கொஞ்சம் கூடுதலாக இருக்கலாமா என்று கேட்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் காசு, இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தயங்காமல் ‘நே’ என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.